சம்பள உயர்வு விலைவாசிக்கு ஈடாச்சான்னு பாக்கும்போது நாம பண்ற தப்புங்க

சம்பளப் பேச்சுவார்த்தைக்கு தொழிலாளர் பக்கம் கணக்கு போட்டுக் குடுக்குற வேலை என்னோடது. புதுசா இதுக்கு வர்றவங்க போட்ட ஷீட்டைத் திறந்தாலே தெரிஞ்சிடுது, என் முதல் ஒப்பந்தத்துல நான் பண்ண அதே தப்பு, அதே இடத்துல. மொத்த சம்பளம் வேற கைக்கு வர்றது வேற, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடறேன்.

கடைசி வருஷத்தை மட்டும் பாக்குறது

இது ஒண்ணுதான் எனக்கு இன்னிக்கும் கோவத்தைக் கிளப்பும். "இந்த வருஷம் பணவீக்கம் 4 சதவீதம், நாங்க 5 குடுக்குறோம், உங்களுக்கு ஒண்ணு லாபம்தானே"னு எதிர்ல உக்காந்திருக்கவங்க சொல்வாங்க, நம்மாளும் சரின்னு வந்துடுவார். நானும் அப்படித்தான் சரின்னேன். அதுக்கு முந்தின வருஷங்கள்ல என்னாச்சுன்னு அந்த ரூம்ல ஒருத்தரும் கேக்கல, கேட்டிருக்க வேண்டியது நான்.

நாலு வருஷக் கணக்கு ஒண்ணு போட்டுப் பாருங்க. விலை ஏறினது வரிசையா 4, 9, 6, 4 சதவீதம். சம்பளம் ஏறினது 4, 4, 5, 5. கடைசி வருஷத்தை மட்டும் பாத்தா ஜெயிச்ச மாதிரி இருக்கு. ஆனா 100ல ஆரம்பிச்சு பெருக்கிட்டு வந்தீங்கன்னா விலை 125கிட்ட நிக்குது, சம்பளம் 119 சொச்சத்துல நிக்குது. அதாவது ஆரம்பத்துல அந்த சம்பளத்துக்கு என்னென்ன வாங்க முடிஞ்சதோ அதுல கிட்டத்தட்ட 4.6 சதவீதம் இப்ப வாங்க முடியாது. பழைய இடத்துக்குப் போய்ச் சேரவே அந்த 5க்கு மேல இன்னொரு 4.8 சதவீதம் வேணும், அதுக்குப் பேரு உயர்வே இல்ல, இழந்ததைத் திருப்பி வாங்குறது. அப்படி வாங்கினாலும் நடுவுல போனது போனதுதான், ரெண்டாவது மூணாவது நாலாவது வருஷம் விட்டதைச் சேத்துப் பாத்தா ஏறக்குறைய ஒன்றே முக்கால் மாச சம்பளம்.

"பணவீக்கம்தான் குறைஞ்சிடுச்சே"ங்குற வாதமும் கூடவே வரும். குறைஞ்சது ஏறுற வேகம், விலை இல்ல. ஏறின விலை ஏறின இடத்துலயேதான் இருக்கு.

எனக்கு இதைப் புரிய வெச்சது ஒரு அக்கா, பேக்கிங் செக்‌ஷன்ல வேலை பாத்தவங்க. ஒப்பந்தம் கையெழுத்தாகி ஏழெட்டு மாசம் கழிச்சு வந்து, "நல்ல உயர்வுன்னு சொன்னீங்களே தம்பி, மாசக் கடைசியில கைமாத்து வாங்குறது மட்டும் ஏன் நிக்கல"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரிதான் உக்காந்து பழைய வருஷத்தையெல்லாம் எடுத்துப் பெருக்கிப் பாத்தேன், அவங்க சொன்னது சரியா இருந்துச்சு, நான் போட்ட கணக்கு தப்பா இருந்துச்சு. ஒப்பந்தம் மூணு வருஷத்துக்கு, நடுவுல ஒண்ணும் பண்ண முடியாது. அதுலேர்ந்து ஷீட்டோட முதல் வரியில சதவீதம் எழுதுறதில்ல, எந்த மாசத்துலேர்ந்து கணக்குன்னு எழுதுவேன். எதிர்த்தரப்பு எப்பவும் பெரிய சம்பள உயர்வுக்கு முந்தின மாசத்தை ஆரம்பமா வெப்பாங்க, அப்ப சம்பளம் ஓடின மாதிரி தெரியும். அதுக்கு அடுத்த மாசத்துலேர்ந்தும் ஒரு கணக்கு போட்டுக் கையில வெச்சுக்கோங்க.

கழிக்காதீங்க, வகுங்க

சம்பளம் 50 சதவீதம், விலை 60 சதவீதம் ஏறினா, 150ஐ 160ஆல வகுக்கணும், 0.9375 வரும். அதாவது நஷ்டம் 10 இல்ல, 6.25 சதவீதம்.

சராசரி சம்பளத்தை நம்புறது

2020 ஏப்ரல்ல அமெரிக்காவுல ஒரே மாசத்துல 2 கோடிப் பேருக்கு மேல வேலை போச்சு, அதே மாசம் சராசரி மணிக்கூலி நல்லா எகிறுச்சு. யாருக்கும் வாரிக் குடுத்துடல, வேலை போனவங்கள்ல குறைஞ்ச கூலிக்காரங்க அதிகம், அவங்க கணக்குலேர்ந்து விழுந்ததும் மிச்சம் இருக்கவங்க சராசரி தானா மேல போச்சு. இடைநிலை சம்பளம், அதாவது எல்லாரையும் வரிசையா நிறுத்தினா நட்ட நடுவுல நிக்குறவரோட சம்பளம், அதையும் கேளுங்க. ஆனா இந்த மாதிரி ஆளுங்க மொத்தமா வெளிய போற சமயத்துல அதுவும் ஏமாத்தும், அப்ப ரெண்டு தேதியிலயும் வேலையில இருந்த அதே ஆளுங்களை மட்டும் ஒப்பிட்டுப் பாக்கணும்.

குறியீட்டை நம்ம வீட்டுச் செலவுன்னு நினைக்கிறது

நுகர்வோர் விலைக் குறியீடுங்குறது ஒரு சராசரிக் கூடையோட விலை. வருமானம் குறைய குறைய அதுல சாப்பாட்டுக்குப் போற பங்கு கூடும்னு எர்ன்ஸ்ட் எங்கெல் 1857லயே எழுதிட்டார். அதனால சாப்பாட்டு விலை மத்ததை விட வேகமா ஏறுற வருஷத்துல, குறைஞ்ச சம்பளக்காரர் வீட்டுப் பணவீக்கம் பேப்பர்ல வர்ற நம்பரை விட அதிகம். ஒரே சதவீத உயர்வு மேனேஜருக்கு ஈடாகும், கடைநிலை ஊழியருக்கு ஆகாது. முடிஞ்சா சதவீதத்தோட சேத்து எல்லாருக்கும் சமமா ஒரு தொகையும் கேளுங்க, கீழ இருக்கவங்களுக்கு அதுதான் பெருசாத் தெரியும்.

வீட்டுச் செலவையும் பாருங்க. ஐரோப்பிய யூனியனோட பொதுக் குறியீட்டுல வாடகை உண்டு, சொந்த வீட்டுல இருக்கவங்களோட வீட்டுச் செலவுல பெரும்பகுதி கிடையாது. எந்தக் குறியீடா இருந்தாலும் உள்ள என்ன இருக்கு, என்ன இல்லன்னு படிச்சிட்டு எடுங்க.

போனஸை உயர்வுன்னு எழுதுறது

எழுதாதீங்க. அடுத்த வருஷ உயர்வு அது மேல ஏறாது.

தேதியை விடுறது

விலை மாசா மாசம் ஏறும், சம்பளம் வருஷத்துக்கு ஒரு தடவை. பேச்சு இழுத்துக்கிட்டே போய் ஆறு மாசம் தள்ளி கையெழுத்தானா, அரியர்ஸ் எந்தத் தேதியிலேர்ந்துன்னு ஒப்பந்தத்துலயே இருக்கணும், வாய்ப்பேச்சுல இருந்தா வராது.