தனிநபர் பர்சூட்: முதல் கிலோமீட்டரிலேயே தோற்காதீர்கள்

பர்சூட் என்பது இரண்டு பேர் தடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பும் சைக்கிள் பந்தயம். அதற்குப் புதிதாக வரும் பையன்களைப் பார்த்தால், நாங்கள் ஓட்டிய காலத்துத் தவறுகளே வரிசை மாறாமல் திரும்பி வருகின்றன. டயரில் காற்று பார்ப்பது, ஷூ பட்டையை இறுக்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் தானாகப் பழகிவிடும்.

ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவது

எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாத தவறு இது. இன்றும் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். ஆண்களுக்கு 4 கிலோமீட்டர். 250 மீட்டர் தடத்தில் 16 சுற்று. நின்ற இடத்திலிருந்து கிளம்புவதால் முதல் சுற்று மெதுவாகத்தான் போகும். இரண்டாவது, மூன்றாவது சுற்றில் கால் அவ்வளவு லேசாக இருக்கும். ஏமாற்றுவதே அந்த லேசுதான்.

சமீபத்தில் ஒரு பையனிடம் சுற்றுக்கு 16 வினாடி என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவது சுற்றை 15-இல் முடித்தான். கணக்கைவிட வேகமாகப் போனால் நான் தொடக்கக் கோட்டைத் தாண்டி முன்னால் போய் நிற்பேன். அதுதான் எங்கள் சைகை. பார்த்தான், ஆனால் குறைக்கவில்லை. பாதித் தூரம் தாண்டியதும் தோள் இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்தது, முன்சக்கரம் தடத்தின் உள்விளிம்பை ஒட்டிய கறுப்புக் கோட்டை விட்டு மேலே ஏறியது. கடைசிச் சுற்றுகள் 18-ஐத் தொட்டன. இறங்கி வந்து, “நல்லாத்தான் போச்சு சார், திடீர்னு கால் போயிடுச்சு” என்றான். திடீரென்று போகவில்லை. மூன்றாவது சுற்றிலேயே போய்விட்டது.

காரணம் காற்று. அதைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கன மடங்கில் ஏறும். வேகத்தை 5 சதவீதம் கூட்ட, ஏறக்குறைய 16 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். அவ்வளவு கொடுத்து வாங்கிய ஒரு வினாடியைக் கடைசிக் கிலோமீட்டரில் இரண்டு மூன்றாகத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

2023 கிளாஸ்கோ உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியைப் போட்டுப் பாருங்கள். பிரிட்டன் வீரர் டான் பிகம் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறார். எதிர்த்து ஓட்டிய இத்தாலி வீரர் பிலிப்போ கன்னா பதறவில்லை. தன் கணக்கிலேயே ஓட்டி, முடிவில் 0.054 வினாடியில் வென்றார். எதிராளியின் நேரத்தைத் துரத்தியிருந்தால் அந்தக் கடைசி வேகம் அவர் காலில் மிச்சம் இருந்திருக்காது.

கறுப்புக் கோட்டை விட்டு மேலே ஓட்டுவது

தடத்தின் நீளம் அளக்கப்படுவது அந்தக் கோட்டில்தான். 20 சென்டிமீட்டர் மேலே ஓட்டினால் சுற்றுக்கு ஒன்றேகால் மீட்டர் கூடும். 16 சுற்றுக்கு 20 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 1.2 வினாடி! ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சக்கரம் மாற்றுகிறவர்கள் இதை ஏனோ கண்டுகொள்வதில்லை. பயந்து ரொம்பக் கீழேயும் இறங்க வேண்டாம். வளைவில், கறுப்புக் கோட்டுக்குக் கீழே உள்ள நீலப் பட்டை மேல் ஸ்பாஞ்சுக் கட்டைகள் காத்திருக்கும்.

பெரிய ஆட்களின் கியரைப் போடுவது

உலக சாதனைக்காரர் போடும் கியர் அவர் காலுக்கு. கிளம்பும்போதே அதைச் சுழற்ற முடியாமல் திணறினால், உடனே சின்னதாக மாற்றுங்கள்.

எதிராளியைத் தேடுவது

தேடாதீர்கள். அவர் தடத்தின் எதிர்ப்பக்கம் இருக்கிறார்.

தகுதிச் சுற்றில் முந்தப்பட்டதும் விட்டுவிடுவது

அங்கே நேரம்தான் கணக்கு. முந்தப்பட்டாலும் 16 சுற்றையும் முடியுங்கள்.