வண்டி உலுக்குதா? கியர் பாக்ஸை இறக்கும் முன் இதைப் பாருங்கள்

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கார் ஓடும்போதே திடீரென்று வெட்டி வெட்டி இழுத்தால், "கியர் பாக்ஸ் போச்சு, இறக்கிப் பார்க்கணும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். உடனே தலையாட்டாதீர்கள். பல நேரம் கோளாறு இன்ஜினில் இருக்கும், கியர் பாக்ஸ் அந்த உலுக்கலைச் சக்கரத்துக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான். இறக்கி ஏற்றும் கூலியே பெரிய செலவு.

முதலில் பானெட்டைத் திறங்கள். நம் பக்கம் பல வீடுகளில் கார் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும், சென்னையிலிருந்து ஆள் வந்து பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கோ பிள்ளையார்பட்டிக்கோ எடுக்கும்போதுதான் உலுக்கும். எலி கடித்த ஒயர் இருக்கிறதா, ஏர் ஃபில்டர் செம்மண் புழுதியில் சிவந்து அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். டீசல் வண்டி என்றால் டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம், வடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதியுங்கள். நின்ற இடத்திலேயே தடுமாறினால் கோளாறு இன்ஜினில்தான். தடுமாறவில்லை என்பதால் இன்ஜின் சரி என்று முடிவு கட்டவும் முடியாது, ஏனென்றால் பலவீனமான இக்னிஷன் காயில் (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) பாரம் ஏறும்போதுதான் காட்டிக்கொடுக்கும், நம் ஊர் சமதரை என்பதால் கண்மாய்க் கரை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்துப் பாருங்கள். அங்கே உலுக்கி, செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் காலைத் தளர்த்துங்கள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். வண்டியில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் பி0302 என்று வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில், இன்ஜினை நிறுத்திவிட்டு அந்தக் காயிலை மூன்றாவதில் மாட்டி, பழைய கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. அதே 0302 என்றால் பிளக், இன்ஜெக்டர் பக்கம் போங்கள்.

இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் சர்ரென்று ஏறுகிறது, வேகம் மட்டும் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. முன்னால் யாரும் இல்லாத சமதரையில் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, பிரேக்கையும் மிதித்து, நான்காவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் திணறி அணைய வேண்டும், அணையாமல் ஓடினால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற பிளேட்டும் கருகும். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளம்பும்போது மட்டும் நடுங்கினால் கிளட்சோடு, இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கையும் சந்தேகப்படுங்கள்.

இன்ஜின் அணைந்திருக்கும்போது கியர் சுலபமாக விழுந்து, ஓடும்போது முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. கேபிளையோ கிளட்ச் ஆயிலையோ பாருங்கள். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரக்கிறது, அல்லது போட்ட கியர் தானாக வெளியே குதிக்கிறது என்றால்தான் பெட்டிக்குள் வேலை இருக்கிறது.

கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றும் ஏஎம்டி வண்டிக்கும் உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச்தான், தேய்ந்தால் கியர் மாறும்போது உலுக்கும். முழு ஆட்டோமேட்டிக் என்றால் ஆயிலைப் பாருங்கள், கறுத்துக் கருகிய வாடை அடித்தால் உள்ளே தேய்மானம். தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்கான சிவிடிக்கு அதற்கென்று உள்ள ஆயில் மட்டும்தான் ஊற்ற வேண்டும், இதில் சமரசமே கூடாது.

எந்தக் கியரில், எந்த வேகத்தில், வண்டி சூடான பிறகா குளிர்ச்சியிலேயா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், "அண்ணே, ஒரு ரவுண்டு வாங்க" என்று மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, உலுக்கும் அதே இடத்தில் ஓட்டிக் காட்டுங்கள்.