அணுவுக்குள் எது எங்கே உள்ளது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடுவில் உருண்டைகள் குவிந்திருக்க, சுற்றிலும் வட்டங்களில் எலக்ட்ரான்கள் வரிசையாக நிற்கும் படம் துகள்களின் எண்ணிக்கையைக் கற்பிக்கப் போதுமானது. ஆனால் துகள்களின் இருப்பிடத்தையும் அதிலிருந்தே அறிய முற்படும்போது பிழைகள் தொடங்குகின்றன.

புரோட்டான்களும் நியூட்ரான்களும் அணுக்கருவில் உள்ளன என்று சரியாக எழுதுபவர்கள்கூட, அந்தக் கரு அணுவின் பெரும்பகுதியை நிரப்பியிருப்பதாக எண்ணிவிடுகின்றனர். கருவை 1 மில்லிமீட்டர் புள்ளியாக வரைந்தால், அதே அளவுகோலில் அணுவின் விட்டம் 10 மீட்டருக்கும் மேலாக வரும். ஆயினும் அணுவின் நிறையில் 99.9 விழுக்காட்டுக்கும் மேல் அந்தப் புள்ளிக்குள்தான் அடங்கியிருக்கிறது. எல்லாக் கருவிலும் நியூட்ரான் உண்டு என்று எழுதுவதும் தவறு. சாதாரண ஹைட்ரஜனின் கரு ஒற்றைப் புரோட்டான் மட்டுமே.

மிக ஆழமாக வேரூன்றிய தவறு எலக்ட்ரான்களைப் பற்றியது. 1913-இல் இயற்பியலாளர் நீல்ஸ் போர் எலக்ட்ரான்களுக்கென முன்வைத்த வட்டப்பாதைகளை, எலக்ட்ரானை அலையாக விவரித்து 1926-இல் வந்த ஷ்ரோடிங்கரின் சமன்பாடு விலக்கிவிட்டது. எலக்ட்ரானுக்கு வரையறுத்த பாதை இல்லை. ஓரிடத்தில் அது காணப்படுவதற்கான நிகழ்தகவையே கூற முடியும். ஹைட்ரஜனின் தாழ்நிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், எலக்ட்ரான் இருக்க மிகுந்த வாய்ப்புள்ள தொலைவு கருவிலிருந்து 52.9 பிக்கோமீட்டர் (ஒரு பிக்கோமீட்டர் மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) என்பது உண்மையே. ஆனால் அது ஒரு வேலியன்று. அதற்கு உள்ளேயும் வெளியேயும் எலக்ட்ரான் காணப்படலாம். எலக்ட்ரான்கள் அமைந்திருப்பதாகக் கூறப்படும் கூடுகளும் சுவர்களல்ல, ஆற்றல் மட்டங்களே. இரண்டாம் கூட்டைச் சேர்ந்த 2s எலக்ட்ரான், முதல் கூட்டின் 1s-க்கு உரியதாக நாம் கருதும் பகுதிக்குள்ளும் ஊடுருவுகிறது.

கதிரியக்கத்தின் ஒரு வகையான பீட்டா சிதைவில் கருவிலிருந்து எலக்ட்ரான் வெளிவருவதால், அது முன்பே அங்கே தங்கியிருந்தது என்று கருதுவது இன்னொரு பிழை. 1932-இல் இயற்பியலாளர் சாட்விக் நியூட்ரானைக் கண்டறியும் வரை அறிவியலாளர்களே கருவுக்குள் எலக்ட்ரான்கள் இருப்பதாகக் கருதினர் என்பதால், இந்தக் குழப்பம் இயல்பானதே. உண்மையில் நியூட்ரான் புரோட்டானாக மாறும் அக்கணத்தில்தான் எலக்ட்ரான் உருவாகிறது.

இதைத் திருத்த முயன்று, எலக்ட்ரான் கருவின் பக்கமே செல்லாது என்று கூறுவதும் சரியாகாது. 1s, 2s போன்ற s ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான் காணப்பட வாய்ப்புள்ள பகுதியில்) உள்ள எலக்ட்ரான் கருவின் இடத்திலேயே காணப்படுவதற்குச் சிறிய, ஆனால் சுழியல்லாத நிகழ்தகவு உண்டு. பொட்டாசியத்தின் கதிரியக்க வகையான பொட்டாசியம்-40 அணுக்களுள் ஒரு பகுதி தம் எலக்ட்ரான் ஒன்றைக் கருவே கவர்ந்துகொள்வதால் ஆர்கான்-40 ஆக மாறுவது இதனால்தான்.