பனி இளகும் நாளில் ஸ்னோபோர்டு: முதல்முறை போகிறவர்களுக்கு

வார இறுதிக்கு ஸ்னோபோர்டு போக, அதாவது இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிப் பனி மூடிய மலைச் சரிவில் சறுக்க, திட்டம் போட்டாயிற்று. வானிலையைப் பார்த்தால் பகலில் 8 டிகிரி, நல்ல வெயில். பனியெல்லாம் கூழாகிவிடுமே, பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று யோசிக்கிறீர்களா? வேண்டாம், கிளம்புங்கள். புதிதாகக் கற்பவருக்கு இளகிய பனியைப் போல இடம் கொடுக்கும் பனி வேறு இல்லை. விழுந்தால் வலி குறைவு, பலகையும் கைமீறி ஓடாது. ஆனால் அதற்கு ஒரு பதம் உண்டு. வெயில் நாளில் அந்தப் பதம் இரண்டு மூன்று மணி நேரம்தான் நிற்கும். அதைத் தவறவிடாமல் பிடிப்பதுதான் முக்கியம்.

படி 1: இரவின் வெப்பநிலையைப் பாருங்கள்

எல்லோரும் பகல் வெயிலைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் முந்தின இரவைப் பாருங்கள். இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கினால், பகலில் உருகிய நீர் திரும்ப உறைந்து சரிவு முழுவதும் இறுகிவிடும். காலையில் அது தரை ஓடு போலக் கெட்டியாக இருக்கும். வெயில் ஏற ஏற மேலே ஓரிரு அங்குலம் மட்டும் இளகி, கல் உப்பைப் பரப்பியது போல மணி மணியாக ஆகும். நான் சொன்ன பதம் அதுதான். அதற்கு மேல் சூடேறினால் கூழ்.

வானம் தெளிவாக இருக்கும் இரவில் பனி நன்றாக உறையும். மேகம் மூடிய இரவில் சூடு வெளியேறாது, அதனால் சரியாக உறையாது. அப்படிப்பட்ட நாளில் காலையிலேயே பனி தளர்ந்துதான் இருக்கும். சரிவின் மேலே கொண்டு விடும் லிஃப்ட் திறந்ததும் ஏறி, மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

படி 2: உடை

குளிரை விட ஈரம்தான் இங்கே எதிரி. பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம்; ஒருமுறை நனைந்தால் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு குளிரும். உள்ளே மெல்லிய செயற்கை இழை அல்லது கம்பளி, மேலே நீர் புகாத மெல்லிய ஜாக்கெட் போதும். பேண்ட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கற்பவர் பாதி நேரம் பனியில் உட்கார்ந்துதான் இருப்பார். கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட், மணிக்கட்டுக் கவசம், கருத்த கண்ணாடி உள்ள காகிள்ஸ் மூன்றும் கட்டாயம்.

சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் கீழும் கூடப் பூசுங்கள். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். வெயில் கீழிருந்தும் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: மெழுகு

பலகை பனியில் வழுக்குவது நடுவில் இருக்கும் மிக மெல்லிய நீர்ப்படலத்தால். இளகிய பனியில் அந்த நீர் அளவுக்கு மிஞ்சிவிடுகிறது. ஈரத் தரையில் கண்ணாடித் தட்டைக் கவிழ்த்து வைத்தால் எடுக்க வராமல் ஒட்டிக்கொள்ளுமே, அதே போலப் பலகையின் அடிப்பாகத்தை நீர் பிடித்து இழுக்கும். வெப்பப் பனிக்கென்றே இருக்கும் மெழுகு நீரைத் தள்ளிவிட்டு இந்த ஒட்டலைக் குறைக்கிறது.

வாடகைப் பலகை என்றால் கடையில், “இன்றைய ஈரப் பனிக்கு மெழுகு போட்டிருக்கிறீர்களா?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சொந்தப் பலகை என்றால் மெழுகை இஸ்திரியில் உருக்கிச் சொட்டுவிட்டு, நிற்காமல் தேய்த்துப் பரப்புங்கள். பலகை முழுதாக ஆறிய பிறகு பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, முன்முனையிலிருந்து பின்முனை நோக்கி பிரஷ் போடுங்கள். சுரண்டினால் மெழுகு வீணாகிறதே என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மேலே தங்கிய மெழுகு வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும். வேலை செய்வது உள்ளே ஊறியதுதான். சட்டைப்பையில் தேய்க்கும் மெழுகு ஒன்றும் இருக்கட்டும், மதியம் உதவும்.

படி 4: எந்தச் சரிவு, எப்போது

கெட்டியான காலைப் பனியில் கற்கப் போகாதீர்கள். இரவு உறைந்திருந்தால் பொறுமையாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கிழக்கு பார்த்த சரிவு முதலில் இளகும், மேற்கு பார்த்தது மதியத்துக்கு மேல். பூட்ஸ் குதிகாலால் அழுத்திப் பாருங்கள்: தடம் விழாவிட்டால் காத்திருங்கள். ஓரிரு அங்குலம் இறங்கி, அடியில் உறுதி தட்டுப்பட்டால் ஆரம்பியுங்கள். கணுக்கால் வரை புதைந்தால் அந்தச் சரிவின் நேரம் முடிந்தது.

படி 5: சரிவில் இறங்கும்போது

முதலில் குதிகால் பக்க விளிம்பில் பக்கவாட்டாகச் சறுக்கி, நிறுத்திப் பழகுங்கள். அது கைவந்த பிறகு திருப்பங்கள். ஈரப் பனியில் திடீரென்று விளிம்பை அழுத்தினால் அது புதைந்து ஆளைத் தூக்கிப்போடும். பெரிய வட்டத்தின் ஒரு துண்டை வரைவது போல நிதானமாகத் திரும்புங்கள்.

என்னை அதிகம் விழவைத்தது நிழல்தான். மரநிழலில் பனி கெட்டியாக, வேகமாக இருந்தது. நிழல் முடிந்து வெயில் பட்ட இடத்துக்கு வந்ததும் யாரோ பின்னாலிருந்து பலகையைப் பிடித்தது போல அது சட்டென்று நின்றது. நான் மட்டும் முன்னால் போய் முகம் குப்புற விழுந்தேன். காகிள்ஸுக்குள் எல்லாம் பனி. அதன் பிறகு நிழலின் கோடு நெருங்கும்போதே முழங்காலை இன்னும் மடக்கி, எடையைக் கொஞ்சம் பின்காலுக்கு மாற்றப் பழகினேன். இழுப்பு வரும், ஆனால் தாங்கிக்கொள்ளலாம். அழுக்கேறிச் சாம்பல் நிறமான பனியிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

சமதளம் வரும் முன் பிரேக் போட்டுவிட்டால் நடுவில் நின்றுவிடுவீர்கள். அப்புறம் பூட்ஸைப் பலகையோடு பூட்டியிருக்கும் பைண்டிங்கைக் கழற்றி நடைதான். எதிரே கூட்டம் இல்லையென்றால் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

மதியத்துக்கு மேல் ஆட்கள் தள்ளிய பனி குவியல் குவியலாகச் சேரும். அப்போது கால் சோர்ந்திருக்கும், கனத்த பனி பலகையைப் பிடித்து முழங்காலைத் திருகும். இன்னும் ஒரே ஒரு முறை என்று மனம் கேட்கும்போதே கழற்றிவிடுங்கள். குறியிட்ட பாதையை விட்டு எந்த நேரத்திலும் விலகாதீர்கள். செங்குத்துச் சரிவில் பனி உருண்டைகள் தாமாக உருண்டு வந்தால், மேலே பனி தளர்கிறது என்று அர்த்தம். ஈரப் பனி மொத்தமாகச் சரிந்து விழும் ஆபத்து (அவலாஞ்ச்) அப்படித்தான் ஆரம்பிக்கும்.

படி 6: இரவும் மறுநாளும்

பூட்ஸின் உள்ளுறையை வெளியே எடுத்து, செய்தித்தாளைச் சுருட்டித் திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் உள்ளுறை உருமாறிவிடும். பலகையின் இரும்பு விளிம்பைத் துணியால் துடைத்து வையுங்கள், ஒரே இரவில் கூடத் துரு பூக்கும். ஊர் திரும்பியதும் களைப்பில் உறையோடு மூலையில் சாய்த்துவிடாமல், பலகையை வெளியே எடுத்துக் காற்றாட வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.