அரசிக்கு அருகில் நிற்பவர்: ஃபேண்டஸிக் கதையின் சிறு ஆலோசகரை உருவாக்குவது எப்படி

1782 ஜனவரியில் திருகோணமலைக் கோட்டையை ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் வந்து அதை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார்கள். எட்டு மாதத்துக்குள் மூன்று கொடிகள். ஆங்கிலேயரின் ஹியூஸ், பிரெஞ்சுக்காரரின் சுஃப்ரென் என்று கடற்படைத் தளபதிகளின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. ஆனால் வந்து இறங்கிய ஒவ்வொரு புதுத் தளபதிக்கும் யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும்: எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், வாடைக்காற்று எப்போது தொடங்கும், எந்தக் களஞ்சியத்தின் திறப்பு யாரிடம். கோட்டை வாசல் வழியாகக் கோணேசர் கோயிலுக்கு நடந்து போகும்போதெல்லாம் அந்தப் பெயரில்லாத மனிதரைத்தான் நினைப்பேன். மரநிழலில் மான்கள் படுத்திருக்கும். அவர் எங்கே நின்றிருப்பார், எந்தக் கொடி இறங்கியபோது அவருக்கு மனம் வலித்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே மேலே ஏறுவேன்.

ஃபேண்டஸி எழுதத் தொடங்குகிறவர்கள் அரசனுக்கும் வீரனுக்கும் மந்திரவாதிக்கும் நிறைய உழைக்கிறார்கள். ஆலோசகர் என்று வந்ததும் ஒரு வெள்ளைத் தாடி, ஒரு கைத்தடி, "பொறுமை வேண்டும் அரசே" என்று ஒரு வசனம். முடிந்தது. என் முதல் நாவலின் முதல் வரைவிலும் அப்படி ஒருவர் இருந்தார். அவரை மூன்று முறை அழித்து எழுதிய பிறகு எனக்குப் பிடிபட்ட வழியை இங்கே ஆறு படிகளாகத் தருகிறேன். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு, வாசிக்க வாசிக்க உங்கள் ஆலோசகரையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

படி 1: குணத்துக்கு முன் வேலையைக் கொடுங்கள்

"ஆலோசகர்" என்ற சொல்லைக் கொப்பியில் எழுதி, அதன் மேல் ஒரு கோடு போடுங்கள். அரண்மனையில் யாரும் சும்மா ஆலோசனை சொல்வதற்காக மட்டும் சோறு சாப்பிடுவதில்லை. அவர் கையில் ஒரு வேலை இருக்கும், அந்த வேலையால்தான் அவர் வாய்க்கு மதிப்பு வரும்.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல மாதிரி இருக்கிறது. கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல், கோயிலின் எந்தத் தொழும்பு, அதாவது எந்தக் கோயிற்பணி, யாருடையது என்று தானத்தார், வரிப்பத்தார் என்ற பணியாளர் பிரிவுகளாகப் பிரித்து வைத்துப் பேசுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை, அதற்கு ஓர் எல்லை. அந்தக் கண்ணோடு உங்கள் கற்பனை அரண்மனையைப் பாருங்கள். அவர் எதை எண்ணுகிறார்? எதைப் பூட்டி வைத்திருக்கிறார்? எந்தக் கதவு அவர் இல்லாமல் திறக்காது?

என் கதையில் வருகிறவரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கடற்கரை நாடு ஒன்று. அங்கே காற்றுகளைச் சங்குகளில் அடைத்து வைப்பார்கள். வாடைக்காற்றுக்கு ஒரு வரிசை, கச்சான் காற்றுக்கு ஒரு வரிசை. தாழையர் என்பவர் சங்கறைக் கணக்கர். எந்தச் சங்கில் எவ்வளவு காற்று மிச்சம் என்பது அவருக்குத் தெரியும். அரசிக்கு வயது பத்தொன்பது. முழு நாவலில் தாழையர் மூன்று காட்சிகளில் மட்டும் வருகிறார்.

படி 2: நெருப்பிலிருந்து எவ்வளவு தூரம்?

அரசரோடு பழகுகிறவர்கள் தீக்காய்வாரைப் போல, விலகியும் போகாமல் நெருங்கியும் போகாமல் இருக்க வேண்டும் என்கிறார் வள்ளுவர் (குறள் 691). எழுத்தாளருக்கு இது ஓர் அளவுகோல். உங்கள் ஆலோசகர் அந்த நெருப்பிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்று முடிவு செய்யுங்கள்.

இதை நான் சும்மா உவமையாகச் சொல்லவில்லை. சபை மண்டபத்தைக் கொப்பியில் வரையுங்கள். சிம்மாசனம், வாசல், தூண்கள். அவர் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். காதோடு பேசும் தூரத்திலா, குரல் உயர்த்தினால்தான் கேட்கும் தூரத்திலா, ஆளனுப்பிக் கூப்பிட வேண்டிய தூரத்திலா? காதோடு பேசுகிறவருக்கு மற்றவர்களின் பொறாமை இருக்கும். கூப்பிட்டால் மட்டும் வருகிறவருக்கு, வரும் வழியெல்லாம் பயம் இருக்கும். தாழையர் இரண்டாம் தூணுக்குப் பின்னால் நிற்கிறார். முதல் தூண் வரை வர அவருக்கு உரிமை உண்டு, அவர்தான் வருவதில்லை. ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

படி 3: அவர் முன்பு சொன்ன ஒரு தவறான ஆலோசனை

நேரம் குறைவென்றால் மற்றப் படிகளைத் தாண்டிப் போங்கள், இதை மட்டும் ஆறுதலாகச் செய்யுங்கள். ஒரு ஆலோசகரின் குணம் அவருடைய அறிவிலிருந்து வருவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். அவர் சொல்லைக் கேட்டு யாரோ நாசமாய்ப் போன ஒரு நாளிலிருந்துதான் அது வருகிறது. வாளெடுத்தவன் தன் தவறுக்குத் தானே வெட்டுப்படுவான். ஆலோசகரின் தவறுக்கு இரத்தம் சிந்துவது வேறு யாரோ. அவர் அடுத்த நாளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு வர வேண்டும். அந்த அடுத்த நாள் காலையில் அவர் எப்படி நடந்து வந்தார் என்று கண்டுபிடியுங்கள்.

நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். அன்று அவர் என்ன சொன்னார்? அதில் எந்தப் பகுதி சரி, எந்தப் பகுதி பிழை? விலை கொடுத்தது யார்? பழியை ஏற்றது யார்?

இரண்டாவது கேள்வியில் கவனம் தேவை. முழுப் பிழையாக எழுதினால் அவர் வெறும் முட்டாளாகிவிடுவார். பாதி சரியாக இருக்கும்போதுதான் ஒரு மனிதனுக்கு இரவில் தூக்கம் வராது.

தாழையருக்கு நடந்தது இது. இருபது வருடங்களுக்கு முன், பழைய அரசர் காலத்தில், எதிரிக் கப்பல்கள் குடாவின் வாயை நெருங்குகின்றன. கச்சான் சங்கைத் திறக்கலாம் என்கிறார் தாழையர். கிழக்குக் கரையில் வாழ்கிறவர்களுக்குக் கச்சானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் மேல்காற்று, கப்பல்களைத் திருப்பித் தள்ளிவிடும். கணக்குச் சரி, கப்பல்கள் விலகிப் போயின. ஆனால் இரவுத் தொழிலுக்குப் போன படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன என்று அவர் நினைத்திருந்தார். பதினொரு படகுகள் இன்னும் வெளியே நின்றன. அதே காற்று அவற்றையும் ஆழ்கடலுக்குக் கொண்டுபோனது. எண்ணுவதையே தொழிலாகக் கொண்டவர் எண்ணத் தவறிய ஒரே நாள் அது. ஊர் கொதித்தபோது அரசர் எழுந்து, "உத்தரவு என்னுடையது" என்று மட்டும் சொன்னார். தாழையரின் பெயரை அவர் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. அரசரின் மகளான இன்றைய அரசிக்கும் தெரியாது.

இதை எழுதி முடித்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. அவர் ஏன் முதல் தூணுக்கு வருவதில்லை, ஏன் பொழுதுபட்டதும் கரைக்குப் போய் ஒவ்வொரு படகாகத் தொட்டு எண்ணுகிறார், ஏன் யாருக்கும் "செய்யுங்கள்" என்று சொல்வதில்லை. நான் எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பழைய கதையை நாவலில் முழுவதும் சொல்லிவிடாதீர்கள். கொப்பியில் இரண்டு பக்கம் இருந்தால் புத்தகத்தில் இரண்டு வரி போதும்.

படி 4: பேச்சு

சின்ன வயதில் விடிகாலையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போவேன். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குப் பக்கத்தில் ஒரு வயதானவர் குந்தியிருப்பார். கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். "வலையைப் போடு" என்றோ "வேண்டாம்" என்றோ அவர் சொல்லிக் கேட்டதில்லை. "தண்ணி வடக்க இழுக்குது தம்பி" என்பார். அவ்வளவுதான். சம்மாட்டி கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு ஆட்களைக் கூப்பிடுவார், அல்லது வீட்டுக்கு அனுப்புவார். முடிவு சம்மாட்டியுடையது, பழியும் அவருடையதே. கிழவர் கொடுத்தது ஒரு தகவல் மட்டும். தாழையரின் நாக்கை நான் அந்த மணலில்தான் கண்டெடுத்தேன்.

உங்கள் ஆலோசகருக்கு ஒரு செய்தியைக் கொடுத்து அதை நான்கு விதமாகச் சொல்லிப் பாருங்கள். செய்தி: சங்கில் காற்றுக் குறைந்துவிட்டது.

"போருக்குப் போக வேண்டாம், அரசி." இது நேராகத் தடுப்பவரின் பேச்சு.

"தங்கள் தந்தையார் காலத்தில் இப்படி ஒரு முறை குறைந்தது." இவர் பழங்கதைக்குள் ஒளிந்துகொள்பவர்.

"தாங்கள் நினைத்தால் குறைந்த காற்றும் போதும்." இவரை எல்லோருக்கும் தெரியும்.

"ஏழு சங்கு இருக்கிறது. நேற்று ஒன்பது இருந்தது." இது தாழையர்.

சத்தமாக வாசியுங்கள். எந்த வரி உங்கள் ஆளின் வாயில் இயல்பாக உட்காருகிறதோ, நாவல் முழுக்க அவர் அந்த வழியிலேயே பேசட்டும். அதை எங்கே உடைப்பது என்பதையும் இப்போதே குறித்து வையுங்கள். உடைவது ஒரே ஒரு தடவைதான்.

அவர் அரசியை எப்படி அழைக்கிறார் என்பதையும் முடிவு செய்யுங்கள். நம் மொழியில் இது பெரிய வசதி. ஒரு விளிச்சொல்லில் வயதும் உறவும் பயமும் பாசமும் வந்துவிடும். தாழையர் சபையில் "அரசி" என்பார். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிப் படகு காட்டியவர், மனதுக்குள் அவளை "பிள்ளை" என்றுதான் நினைக்கிறார். அந்தச் சொல் வெளியே வராமல் அவர் பிடித்து வைத்திருப்பதே ஒரு குணம்.

படி 5: இராவணன் சபையில் உட்கார்த்திப் பாருங்கள்

கோணேசர் கோயிலுக்குப் பக்கத்தில் பாறை பிளந்து கிடக்கும் இராவணன் வெட்டுக்கு மேலே நின்று கீழே கடலைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த இராவணனின் சபையில் ஆலோசனைக்குக் குறைவே இருக்கவில்லை. பாட்டன் முறையான மாலியவான் சீதையைத் திருப்பி அனுப்பிச் சமாதானம் செய்யச் சொன்னார். தம்பி வீடணன் அறத்தைச் சொல்லி இடித்துரைத்தான், கேளாதபோது பிரிந்து போனான். மகோதரன் அரசனின் ஆசைக்கு ஏற்றபடி தந்திரம் சொன்னான். மூன்று பேர் முன்னாலும் இருந்தது ஒரே பிரச்சினை.

திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அருகருகேதான் இருக்கின்றன, ஆனால் ஒன்றின் சூடு மற்றதற்கு இல்லை. சபையும் அப்படித்தான். அதே பிரச்சினையை உங்கள் ஆலோசகரிடம் கொடுத்து, அரைப் பக்கம் பேச விடுங்கள். அவர் சொன்னது அந்த மூவரில் ஒருவர் சொன்னதைப் போலவே இருந்தால், படி 3க்குத் திரும்பிப் போங்கள். தாழையரை உட்கார்த்திப் பார்த்தேன். அவர் சீதையைப் பற்றிப் பேசவே இல்லை. "தெற்குக் கரையில் எத்தனை வீட்டில் இன்னும் ஆண்கள் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். சரி, இவர் வேறு ஆள்தான் என்று எனக்கு நிம்மதி வந்தது.

படி 6: சிறியவரைச் சிறியவராகவே வைத்திருங்கள்

உருவத்துக்கு ஒரு விவரம் போதும். தாடியும் தடியும் வேண்டாம். தாழையரின் வலது கைப் பெருவிரல் நுனி, சங்கின் வாயை மூடி மூடித் தேய்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

புதிதாக எழுதுகிறவர்கள் ஆலோசகரிடம் செய்யும் கொடுமைகள் இரண்டு. ஒன்று, நாட்டின் வரலாறு முழுவதையும் அவர் வாயால் சொல்ல வைப்பது. வாசகருக்குத் தகவல் சேர்ந்துவிடும், மனிதர் செத்துவிடுவார். மற்றது, கடைசியில் அவரைத் துரோகியாக்குவது. அமைதியாக நிற்கும் மந்திரி துரோகி என்பதை வாசகர் முதல் அத்தியாயத்திலேயே எதிர்பார்க்கிறார். துரோகம் வேண்டுமென்றால் அதற்கும் படி 3இலிருந்து ஒரு காரணம் வர வேண்டும்.

எனக்கு உதவிய கணக்கு மூன்று காட்சி. முதலாவதில் அவர் சொல்வது சரியாகிறது, யாரும் கவனிப்பதில்லை. இரண்டாவதில் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நிற்கிறார், அதற்கு ஒரு விலை இருக்கிறது. மூன்றாவதில் அவருடைய வழக்கம் உடைகிறது. எழுதிய பிறகு ஒவ்வொரு காட்சியிலிருந்தும் அவரை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். காட்சி அப்படியே நின்றால் அவர் அங்கே தேவையில்லை.

உங்களுடைய மூன்றாவது காட்சியை இன்றே ஒரு பத்தியாக எழுதிப் பாருங்கள். என்னுடையது இப்படி வந்தது:

அரசி சங்கைக் கையில் எடுத்தாள். "எதிரிக் கப்பல் எத்தனை?" தளபதி சொன்னான். "நம் படகு எத்தனை வெளியே?" யாரும் பேசவில்லை. தாழையர் இரண்டாம் தூணைத் தாண்டினார். முதல் தூணையும் தாண்டினார். இருபது வருடமாக அந்தக் கல்லில் அவர் கால் பட்டதில்லை. தேய்ந்த பெருவிரலைச் சங்கின் வாயில் வைத்து அழுத்தினார். "நாலு படகு. மூன்று பேருடைய பெயரும் எனக்குத் தெரியும், நாலாவது படகில் போன பெடியனின் பெயர் இன்னும் கேட்டு வைக்கவில்லை," என்றார். பிறகு, "திறக்க வேண்டாம், பிள்ளை."