ஒரு வசனத்தை அதன் அதிகாரத்தோடு வாசிப்பது எப்படி?

பிரசங்கத்தில் கேட்ட வசனத்தை வீட்டுக்கு வந்து திறந்து பார்க்கிறோமா? பெரோயா பட்டணத்தார் பார்த்தார்கள். அங்கே பிரசங்கித்தவர் பவுல். அவர் சொன்னதையே "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). அதற்காக அவர்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை. நற்குணசாலிகள் என்றுதான் எழுதியிருக்கிறது. சபை வேதத்தில் நிலைத்திருக்க, போதகர் சரியாகப் பிரசங்கித்தால் மட்டும் போதாது. கேட்கிற நமக்கும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 1: ஒரு புத்தகத்தை எடுங்கள்

ஜெபித்துவிட்டு ஆரம்பியுங்கள். கண்ட இடத்தில் திறந்து, கண்ணில் பட்ட வசனத்தை இன்றைக்கு எனக்கு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். மாற்கு நல்ல தொடக்கம்: 16 அதிகாரங்கள், நாளுக்கு ஒன்று. பிலிப்பியர் நிருபம் நாலே அதிகாரம், ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

படி 2: எண்களை மறந்துவிடுங்கள்

இன்று நாம் பார்க்கும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் போட்டவை. தேடி எடுக்க உதவும், அவ்வளவுதான். பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, அதுவரை வாசியுங்கள்.

படி 3: யார், யாரிடம், எப்போது, ஏன்?

இதுதான் முக்கியமான படி. எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 29:11ஐ எடுத்துக்கொள்வோம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." காலண்டரிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அடிக்கடி பார்க்கிற வசனம். நானும் பல வருஷம் இதை என் வேலைக்கும் வீட்டுக்குமான வாக்குத்தத்தமாகவே பிடித்துக்கொண்டிருந்தேன், மேலே இருக்கிற பத்தாம் வசனத்தைப் பார்க்காமலேயே.

ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்கிறது அந்தப் பத்தாம் வசனம். இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய நிருபம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறார். அதாவது, கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பப்போவதில்லை. பதினோராம் வசனத்தின் முற்பகுதியில் "உங்கள்பேரில்" என்று வருகிற சொல்லையும் கவனியுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தர் ஒருவனிடம் பேசினால் "நீ" என்பார். இங்கே ஒரு ஜனக்கூட்டத்திடம் பேசுகிறார்.

அப்புறம் ஒரு அதிகாரம் பின்னால் போங்கள். அனனியா என்பவன் ஆலயத்தில் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான். எரேமியா அதற்கு "ஆமென்" என்று சொல்கிறார் (28:6); அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது. ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை. எனக்கு இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகும். கேட்கச் சுகமான இரண்டு வருஷமா, கர்த்தர் சொன்ன எழுபது வருஷமா என்பது இன்றைக்கும் சபைகளுக்கு முன்னால் நிற்கிற கேள்விதானே.

சரி, அப்படியானால் இந்த வசனம் நமக்கு இல்லையா? இருக்கிறது. சீக்கிரம் விடுதலை என்ற உறுதி இதில் இல்லை. நீண்ட சிறையிருப்பிலும் தம் ஜனங்களை மறக்காத தேவன் இருக்கிறார். கஷ்டம் தீராத வீட்டுக்கு இதைத்தான் சொல்ல முடியும்.

படி 4: ஒப்பிடுங்கள்

ஓரத்தில் அச்சிட்ட ஒத்துவாக்கியங்களை, அதாவது இதே பொருளில் வேறு இடங்களில் வரும் வசனங்களை, திறந்து பாருங்கள். இன்னொரு மொழிபெயர்ப்பும் பக்கத்தில் இருக்கட்டும். பழைய மொழிபெயர்ப்பில் "நினைவுகள்" என்றிருப்பது திருவிவிலியம் என்ற பிந்தைய மொழிபெயர்ப்பில் "திட்டங்கள்" என்றிருக்கும். விளக்கவுரைகளைக் கடைசியாகத் திறங்கள். முதலிலேயே திறந்தால் உரை எழுதியவருடைய கண்ணால்தான் வாசிப்பீர்கள்.

படி 5: எழுதுங்கள்

நோட்டில் மூன்று வரி போதும்: அன்று கேட்டவர்களுக்கு இது என்ன சொன்னது, தேவனைப் பற்றி என்ன தெரிகிறது, இன்று நான் எதற்குக் கீழ்ப்படிய வேண்டும். மூன்றாவது வரி வெறுமையாக இருந்தால் மறுபடி வாசியுங்கள்.

படி 6: பிரசங்கத்தோடு பொருந்தவில்லை என்றால்

உடனே வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். முழு அதிகாரத்தையும் இன்னொரு முறை வாசியுங்கள், தவறவிட்டது நாமாகவும் இருக்கலாம். அதன்பிறகும் உறுத்தினால், வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாகக் கேளுங்கள்: "பாஸ்டர், பத்தாம் வசனத்தையும் சேர்த்து வாசித்தால் இதை எப்படிப் புரிந்துகொள்வது?"