வீட்டு வளாகத்து மரத்தை வெட்ட அனுமதி கேட்கும் முறை

ஆனி, ஆடிக் காற்று திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதல்ல. ஆனால் புறவாசலில் முப்பது ஆண்டுகளாக நிற்கும் வேப்பமரம் அந்தக் காற்றில் பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்து நிமிர்வதைப் பார்க்கும்போது, வெட்டிவிடலாமா என்ற எண்ணம் வீட்டுக்காரருக்கு வந்துவிடும். வெட்டுவதற்கு அரை நாள் போதும். வெட்டியபின் புகார் எழுந்தால், மரம் எந்த நிலையில் இருந்தது என்று காட்டக் கையில் எதுவும் இருக்காது. ஆகவே, கோடாலிக்காரரை அழைப்பதற்கு முன்பே மாநகராட்சியிடம் எழுத்தில் அனுமதி பெற்றுவிட வேண்டும்.

மரத்தின் தூர், அதாவது அடிப்பகுதி, யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பதே முதற்கேள்வி. கிளை எங்கே படர்ந்திருக்கிறது என்பது இதில் கணக்கில்லை. பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்), சொத்துவரி ரசீது ஆகியவற்றின் நகல்களை எடுத்து வைத்துக்கொண்டு, எல்லையிலிருந்து தூர்வரை நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையின் பழைய வளவு வீடுகளில் கூட்டுப் பட்டா இருப்பதுண்டு. அப்படியானால் பங்காளிகள் அனைவரிடமும் கையொப்பம் வாங்காமல் மனுவை எழுதத் தொடங்க வேண்டாம். மதிலுக்கு வெளியே, வாறுகால் (தெருச் சாக்கடை) ஓரத்தில் நிற்கும் மரம், உங்கள் தாத்தா நட்டுத் தண்ணீர் ஊற்றியதாகவே இருந்தாலும், பொது மரம்தான். அதை வெட்டுவது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழு முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

அடுத்தது மரத்தின் இனம். சந்தனம், ஈட்டி, தேக்கு ஆகியவை வீட்டுக்குள்ளேயே வளர்ந்திருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக் கூடாது. பனை நமது மாநில மரம். அதை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்துவிட்டது. நம் பக்கத்தில் பனையை வெட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மனு நிற்பதும் விழுவதும் அதில் சொல்லப்படும் காரணத்தால்தான். இலை உதிர்ந்து குப்பையாகிறது, கம்பளிப்பூச்சி வருகிறது என்று எழுதினால், கிளையைக் கழித்தால் போதாதா என்ற கேள்வியே திரும்பி வரும். அது நியாயமான கேள்வியும்கூட. மரம் விழக்கூடியது என்று எழுதுவதானால் அதற்கான அடையாளத்தைக் காட்ட வேண்டும். சுத்தியலின் பின்புறத்தால் தூரைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். உளுத்த இடத்தில் ஓசை பானையைத் தட்டியதுபோல் வெறுமையாகக் கேட்கும். அடிமரத்தில் காளான் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மரம் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிர்ப்புறத்தில் மண் பிளந்து வேர் மேலெழுந்திருந்தால், அது பழைய சாய்வன்று, புதிய சாய்வு, அதுவே ஆபத்து. சுவரில் விரிசல் இருந்தால், பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துத் தேதி தெரியும்படி படமெடுத்து, ஒரு மாதம் கழித்து அதே இடத்தை மீண்டும் படமெடுங்கள். விரிசல் வளர்வதைக் காட்டும் அந்த இரண்டு படங்கள் இரண்டு பக்க மனுவைவிட மேலானவை.

மனுவை ஆணையருக்கு முகவரியிட்டு, உங்கள் வார்டு அடங்கிய மண்டல அலுவலகத்தில் கொடுக்கலாம். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தச்சநல்லூர், மேலப்பாளையம் என மண்டலங்கள் நான்கு. ‘எனக்குச் சொந்தமான மேற்படி மனையின் வடகிழக்கு மூலையில் உள்ள, நெஞ்சு உயரத்தில் 160 செ.மீ. சுற்றளவுள்ள வேப்பமரம் ஒன்று அடிப்பகுதி உளுத்து, அண்டை வீட்டின் மேல் சாய்ந்துள்ளதால், நேரில் ஆய்வு செய்து, அதனை என் செலவில் அகற்ற அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்ற அளவு போதும். சுற்றளவைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் எடுக்க வேண்டும். மனுவின் நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். பதில் வராவிட்டால், கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் அந்த நகலை இணைத்து மீண்டும் மனு கொடுக்கலாம்.

ஆய்வுக்கு வருபவரிடம் மரத்தின் குறையைக் காட்டுங்கள். அந்த இடத்தில் கார் நிறுத்தப்போகும் திட்டத்தைச் சொல்லத் தேவையில்லை என்று சிலர் யோசனை கூறுவார்கள். ஆனால் கட்டுமானம்தான் காரணமென்றால் அதை மறைக்காமல் வரைபட அனுமதியோடு சேர்த்துக் காட்டுவதே நல்லது.

ஆபத்தான மரம் அடுத்த வீட்டுக்காரருடையதாக இருந்து, அவர் அசையாமல் இருந்தால் வழி வேறு. விழுந்து ஆட்களுக்குக் காயம் உண்டாக்கக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி நிர்வாக நடுவருக்கு உண்டு. நிர்வாக நடுவராகவும் இருக்கும் கோட்டாட்சியரிடம் இதற்கு மனு கொடுக்க வேண்டும்.

அனுமதி கைக்கு வந்தபின், மரத்தின் அருகே மின்கம்பி போனால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே ஆள் ஏற வேண்டும். கிளைகளில் முட்டையோ குஞ்சோ உள்ள கூடு இருந்தால் அவை பறக்கும்வரை பொறுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறமிருக்க, கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களில் கூடு கட்டும் நாரைகளுக்கு ஊரே காவலிருக்கும் மாவட்டம் இது. மரத்தை உச்சியிலிருந்து துண்டு துண்டாக வடம் கட்டி இறக்கச் சொல்லுங்கள். வேம்பு தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதால் வேரைத் தோண்டுவதற்கும் சேர்த்தே கூலி பேசுங்கள். தோண்டுமுன், வெட்டுவாய் தெரியும்படி கட்டையைப் படமெடுத்து அனுமதி உத்தரவோடு சேர்த்து வையுங்கள். உள்ளே உளுத்திருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.